லீ-என்ஃபீல்டு துப்பாக்கியில் மாற்றுறுப்புப் பொருத்தம்: இச்சாப்பூர்த் தொழிற்சாலையை முன்னிறுத்தி ஒரு வரலாற்று நோக்கு

துப்பாக்கிகளின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் அவை தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளோடு நின்றுவிடுகின்றனர். எந்த ஆண்டில் எந்த வகை ஏற்கப்பட்டது, எந்தப் போரில் அது பயன்பட்டது, எத்துணைத் தொலைவுக்குச் சுட்டது என்பனவே அவர்தம் கவனத்திற்கு உரியனவாக அமைந்துள்ளன. ஆனால் ஒரு துப்பாக்கியின் வாழ்நாளில் மிகப் பெரும்பகுதி அதன் பிறப்புக்குப் பின்னரே கழிகிறது. குழல் தேய்கிறது, முன்கட்டை பிளக்கிறது, சுருள்வில் தளர்கிறது, இவற்றிற்கு ஈடாக வேறு உறுப்புகள் பொருத்தப்படுகின்றன. இந்தியாவில் .303 எனப் பொதுமக்களும் அறிந்திருந்த லீ-என்ஃபீல்டு துப்பாக்கி நூறாண்டுகளுக்கும் மேலாகப் படையினர், காவலர் ஆகியோர் கைகளில் இருந்தது. இவ்வளவு நெடிய வாழ்வு பழுதுபார்ப்பினாலேயே இயன்றது. எனவே, ஓர் உறுப்பை எடுத்துவிட்டு மற்றோர் உறுப்பைப் பொருத்துதல் என்பது இத்துப்பாக்கியைப் பொறுத்தவரை எப்பொருளைக் கொண்டிருந்தது என்னும் வினா ஆராயத்தக்கது.

இவ்வினாவிற்கு இரு விடைகள் உண்டு. ஒரே வகைத் துப்பாக்கிகளுள் எந்த உறுப்பும் எதற்கும் பொருந்தும் என்பது தொழிற்சாலை கூறும் விடை. துப்பாக்கியின் உடற்கூட்டில் உள்ள எண்ணும் அதன் போல்ட் கைப்பிடியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா எனப் பார்த்த பின்னரே பேசவேண்டும் என்பது பழுதுபார்ப்போர் கூறும் விடை. இவ்விரண்டும் ஒருங்கே உண்மையாக இருந்தமைதான் இவ்வரலாற்றின் சுவையான பகுதி.

மாற்றுறுப்புக் கொள்கை

கைவினைஞர் செய்த பழைய துப்பாக்கிகளில் ஒவ்வோர் உறுப்பும் அதனதன் துப்பாக்கிக்கென்றே அரத்தால் தேய்த்து இணைக்கப்பட்டது. ஒன்றின் திருகாணி மற்றொன்றில் ஏறாது. இந்நிலையை மாற்றும் முயற்சி முதலில் பிரான்சில் தோன்றியது. ஹொனொரே பிளாங்க் என்னும் துப்பாக்கிக் கம்மியர் 1785இல் தாம் செய்த விசைப்பொறிகளின் உறுப்புகளைத் தனித்தனியே குவித்து வைத்து, அங்கு வந்திருந்த தாமஸ் ஜெபர்சனைக் கொண்டே கைக்குக் கிடைத்தவற்றை எடுத்துப் பொருத்தச் செய்தார். ஜெபர்சன் அதனை வியந்து தம் நாட்டிற்கு எழுதினார். பின்னர் அமெரிக்காவில் எலி விட்னி 1798இல் பத்தாயிரம் துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டு, 1801இல் வாசிங்டனில் இதுபோன்றதொரு காட்சியை நடத்திக் காட்டினார். இரண்டாண்டுகளில் முடிக்க வேண்டிய ஒப்பந்தம் 1809இல்தான் நிறைவேறியது. விட்னியின் துப்பாக்கிகளைப் பிற்கால ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தபோது அவற்றின் உறுப்புகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்பது தெரியவந்தது. பள்ளிப் பாடநூல்களில் நெடுங்காலம் அவருக்கே அளிக்கப்பட்டுவந்த பெருமை, ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி படைக்கலச் சாலையில் 1820களில் அமைதியாக உழைத்த ஜான் ஹாலுக்கு உரியது எனல் பொருந்தும்.

இங்கிலாந்து இம்முறையைக் காலந்தாழ்த்தியே ஏற்றது. 1854இல் அந்நாட்டுக் குழு ஒன்று அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு படைக்கலச் சாலைக்குச் சென்றது. 1844 முதல் 1853 வரை ஆண்டுக்கு ஒன்றாகச் செய்யப்பட்ட பத்துத் துப்பாக்கிகளை அக்குழுவினர் தேர்ந்தெடுத்துப் பிரிக்கச் செய்து, உறுப்புகளைக் கலந்து, தாமே கைக்கு வந்தபடி எடுத்துக் கொடுத்தனர். தொழிலாளி அவற்றைத் தங்குதடையின்றிப் பூட்டிவிட்டார். இதன் விளைவாக அமெரிக்க எந்திரங்கள் இலண்டனுக்கு வடக்கேயுள்ள என்ஃபீல்டு சாலைக்குத் தருவிக்கப்பட்டன. ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் பணியாற்றிய ஜேம்ஸ் பர்ட்டன் அங்குத் தலைமைப் பொறியாளராக அமர்த்தப்பெற்றார். 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கி 1850களின் இறுதியில் இங்கு எந்திரங்களால் செய்யப்படலாயிற்று. இதே மாதிரித் துப்பாக்கியின் கொழுப்புத் தடவிய தோட்டாதான் 1857இல் வட இந்தியாவைக் கொந்தளிக்கச் செய்தது என்பதை இந்திய வாசகர்க்கு நினைவூட்டத் தேவையில்லை.

அளவிகளும் முத்திரையிட்ட மாதிரியும் இக்கொள்கையின் இரு கண்கள். ஏற்கப்பட்ட ஒரு துப்பாக்கியில் முத்திரையிட்டு அதனைப் பாதுகாப்பாக வைப்பர். பின்னர்ச் செய்யப்படுவன யாவும் அதனோடு ஒத்திருத்தல் வேண்டும். வரைபடத்தில் ஐயம் நேர்ந்தால் மாதிரியே சான்று.

லீயின் போல்ட்

ஜேம்ஸ் பாரிஸ் லீ 1831இல் ஸ்காத்துலாந்தின் ஹாயிக் நகரில் பிறந்து, கனடாவில் வளர்ந்து, அமெரிக்காவில் தொழில் செய்தவர். அவருடைய போல்ட் அமைப்பும் தோட்டாப்பெட்டியும் 1888இல் லீ-மெட்ஃபோர்டு என்னும் பெயரோடு பிரித்தானியப் படையில் இடம்பெற்றன. 1895இல் குழலின் வரிப்பள்ளம் மாற்றப்பெற்று லீ-என்ஃபீல்டு தோன்றியது. குறுகிய குழலுடன் அமைந்த மூன்றாம் குறி, அதாவது மார்க் 3, 1907 ஜனவரியில் ஏற்கப்பட்டது. இந்தியாவில் பெரிதும் வழங்கியது இதுவே.

போல்ட் என்பது கதவின் தாழ் போன்று முன்னும் பின்னும் இயங்கி, இறுதியில் திரும்பிப் பூட்டிக்கொள்ளும் எஃகு உருளை. லீயின் அமைப்பில் இரு தனித்தன்மைகள் உள்ளன. ஒன்று, பூட்டும் புடைப்புகள் போல்ட்டின் பின்பகுதியில் அமைந்திருத்தல். செருமானியரின் மௌசர் துப்பாக்கியில் இவை முன்பகுதியில், தோட்டாவை ஒட்டி இருக்கும். மற்றொன்று, போல்ட்டின் தலை தனி உறுப்பாக இருத்தல். இத்தலை புரிகளால் போல்ட்டின் உடலோடு இணைகிறது. வேண்டும்போது கழற்றி வேறொன்றைத் திருகிக்கொள்ளலாம். இச்சிறு உறுப்பே இக்கட்டுரையின் மையப் பொருள் எனலாம்.

.303 தோட்டாவின் அடியில் விளிம்பு உண்டு. அவ்விளிம்பு குழலின் பின்முகத்தில் தங்க, போல்ட்டின் தலை பின்னிருந்து அதனைத் தாங்குகிறது. இவ்விரண்டு முகங்களுக்கும் இடையே விளிம்பு அமர்வதற்கென விடப்படும் வெளி மிகக் குறைந்தால் போல்ட் மூடாது. மிகுந்தால் சுடும்போது பித்தளைக் கூடு பின்னோக்கி நீண்டு அறுபடும். வளிமம் சுடுவோனின் முகத்தை நோக்கிக் கசியவும் கூடும். இதற்கென இரு அளவிகள் வழங்கின. 0.064 அங்குல அளவியின்மேல் போல்ட் மூடவேண்டும், 0.074 அங்குல அளவியின்மேல் மூடலாகாது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது ஓர் அங்குலத்தின் நூறில் ஒரு பங்கு, அதாவது கால் மில்லிமீட்டர். சுடுவோனின் நலம் இக்கால் மில்லிமீட்டருக்குள் அடங்கியிருந்தது.

போல்ட்டை மாற்றினால் இவ்வெளியும் மாறும். அதுமட்டுமன்று. பின்னிருக்கும் இரு புடைப்புகளும் உடற்கூட்டின் இருபுறமும் ஒருசேரத் தாங்குதல் வேண்டும். ஒன்று தாங்கி மற்றொன்று தாங்காதுவிடின் போல்ட் ஒருபுறமாக வளையும், குறி தவறும். எனவே தொழிற்சாலையில் ஒவ்வொரு போல்ட்டும் அதற்குரிய உடற்கூட்டில் வைத்துப் பார்க்கப்பட்டு, தாங்கும் முகங்கள் தேய்த்துச் சரிசெய்யப்பட்ட பின்னர், அத்துப்பாக்கியின் எண் போல்ட்டின் கைப்பிடியிலும் பொறிக்கப்பட்டது. எந்த உறுப்பும் எதற்கும் பொருந்தும் என்று உலகிற்கு அறிவித்த தொழிற்சாலையே, இவ்வுறுப்பு இதற்கு மட்டுமே உரியது என்று எஃகில் எழுதிவைத்தது. அவ்வெண்ணைத் தோல்வியின் அடையாளமாகக் கொள்வது பிழை. எந்திரத்தின் துல்லியம் எங்கே முடிந்து கையின் துல்லியம் எங்கே தொடங்குகிறது என்பதற்கு அது இடப்பட்ட எல்லைக்கல்.

பலவளவு உறுப்புகள்

பொருத்தும் வேலையை முற்றிலும் ஒழிக்க இயலாது எனக் கண்ட வடிவமைப்பாளர்கள் அதனை எளிமையாக்க ஒரு வழி கண்டனர். உறுப்பைத் தேய்த்துப் பொருத்துவதற்கு மாறாக, ஒரே உறுப்பைப் பல அளவுகளில் செய்துவைத்து அவற்றுள் பொருந்துவதைத் தெரிந்தெடுப்பது அவ்வழி. செருப்புக் கடையில் அளவு பார்த்து எடுப்பதற்கும் சக்கிலியரிடம் காலளவு கொடுத்துத் தைப்பதற்கும் உள்ள வேறுபாடு இது.

பின்கட்டையில் இம்முறை முதலில் விளங்கித் தோன்றுகிறது. சுடுவோனின் கைநீளத்திற்கேற்ப நீண்டது, இயல்பானது, குறுகியது என அரையங்குல வேறுபாட்டில் பின்கட்டைகள் வழங்கப்பட்டன. முதல் உலகப் போரில் உயரங்குறைந்தோரைக் கொண்டு அமைக்கப்பட்ட படைப்பிரிவுகளுக்கென அதனினும் குறுகிய ஒன்று சேர்ந்தது. முன்குறித் தகடுகள் 0.015 அங்குல வேறுபாட்டில் பல உயரங்களில் இருந்தன. துப்பாக்கி உயரச் சுட்டால் உயர்ந்த தகட்டையும், தாழச் சுட்டால் தாழ்ந்த தகட்டையும் இட்டுச் சரிசெய்வர். இரண்டாம் உலகப் போர்க்காலத்து நான்காம் எண் துப்பாக்கியில் போல்ட் தலைகளும் இவ்வரிசையில் சேர்ந்தன. 0, 1, 2, 3 என எண்ணிட்ட நான்கு தலைகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஏறத்தாழ 0.003 அங்குலம். இது ஒரு தலைமயிரின் பருமன். நான்கிற்கும் இடைப்பட்ட மொத்த வேறுபாடு, முன்னர்க் கூறிய இரு அளவிகளின் இடைவெளியோடு பெரும்பாலும் ஒத்திருத்தல் கருதத்தக்கது.

அரையங்குலம் மனிதனின் உடலுக்கு. நூறில் ஒன்றரைப் பங்கு கண்ணுக்கு. ஆயிரத்தில் மூன்று பங்கு வெடிமருந்துக்கு. ஒரே துப்பாக்கியில் மூன்று அளவுகோல்கள் இயங்கின.

நான்காம் எண் துப்பாக்கிக்கு இந்த ஏற்பாடு இன்றியமையாததாயிற்று. இங்கிலாந்தில் மூன்று தொழிற்சாலைகளும், கனடாவில் லாங் பிராஞ்ச்சும், அமெரிக்காவில் சாவேஜ் நிறுவனமும் அதனைச் செய்தன. எங்கோ செய்த போல்ட்டை எங்கோ செய்த உடற்கூட்டில் போர்முனைக்கு அருகில் பொருத்த நேரும். முதல் உலகப் போரிலேயே இதன் முன்னறிவிப்பு இருந்தது. அப்போது முழுத் துப்பாக்கி செய்ய இயலாத சிறு பட்டறைகளிடம் தனித்தனி உறுப்புகளைச் செய்வித்து, பெரிய சாலைகளில் பூட்டும் திட்டம் ஒன்றினை இங்கிலாந்து மேற்கொண்டது. மைய அளவிகள் இன்றி அத்திட்டம் ஒரு நாளும் நடந்திராது.

இந்தியாவில் புழங்கிய பழைய மார்க் 3 வகையிலோ போல்ட் தலைகளுக்கு அளவெண் இல்லை. பழுதுபார்ப்பவர் பெட்டியிலுள்ள தலைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் திருகி, அளவியிட்டுப் பார்த்து, ஒத்துவருவதைக் கண்டுபிடிக்க வேண்டும். தலை மிகத் தளர்ந்து திரும்பி, போல்ட் உடலின் வரம்போடு நேர்வராது போனால் அதுவும் ஏற்கப்படாது. நான்காம் எண் துப்பாக்கியில் அச்சிட்ட எண் செய்த வேலையை இங்குப் பழகிய விரல்கள் செய்தன.

இச்சாப்பூர்

1857இன் பின்னர் பிரித்தானிய அரசு இந்தியச் சிப்பாய்களிடம் தன் படையினரின் துப்பாக்கியைவிட ஒரு தலைமுறை பழைய துப்பாக்கியையே கொடுத்துவந்தது. வெள்ளையர் மார்ட்டினி-ஹென்றியைப் பெற்றபோது இந்தியர்க்கு ஸ்னைடர்; அவர்கள் லீ-மெட்ஃபோர்டைப் பெற்றபோது இவர்களுக்கு மார்ட்டினி. 1878ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் பொதுமக்களின் கையிலிருந்த கருவிகளையும் கட்டுப்படுத்தியது. அத்தகைய அரசு துப்பாக்கியைச் செய்யும் தொழிற்சாலையையே இந்திய மண்ணில் நிறுவியது வியப்பிற்குரியது. கடல் கடந்து வரும் உறுப்புகளை நம்பி ஒரு பெரும்படையை வைத்திருக்க இயலாது என்னும் அச்சம், சிப்பாயைப் பற்றிய அச்சத்தை வென்றது என்றே இதனைக் கொள்ளவேண்டும்.

கல்கத்தாவிற்கு வடக்கே ஊக்ளி ஆற்றங்கரையிலுள்ள இச்சாப்பூரில், கிழக்கிந்தியக் கம்பெனி 1787இல் வெடிமருந்து ஆலை ஒன்றைத் தொடங்கியிருந்தது. புகை மிக்க கருமருந்தின் காலம் முடிந்து கார்டைட் வந்ததும் அவ்வாலை தேவையற்றதாயிற்று. கார்டைட் செய்வதற்கெனத் தமிழகத்தின் நீலகிரியில் அருவங்காட்டில் தொழிற்சாலை எழுந்தது. இச்சாப்பூரின் பழைய இடத்தில் 1904இல் துப்பாக்கித் தொழிற்சாலை அமைந்தது. வங்காளத்துக் குழலும் நீலகிரி மருந்தும் இவ்வாறு ஒரே காலத்தில் பிறந்தவை.

இதே காலத்தில் வடமேற்கு எல்லையில் கோஹாட் கணவாயை ஒட்டிய தர்ரா ஆதம் கேல் என்னும் ஊரில் அப்ரிதிக் கம்மியர்கள் மார்ட்டினியையும் லீ-என்ஃபீல்டையும் அரத்தாலும் சுத்தியாலும் படியெடுத்துக் கொண்டிருந்தனர். முத்திரைகளையும் விடாது படியெடுத்தனர். ஆங்கில எழுத்தறியாமையால் சில எழுத்துகள் இடவலம் மாறிப் பொறிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றின் உறுப்பு மற்றொன்றிற்குப் பொருந்தாது. பொருந்தவேண்டும் என்னும் கருத்தும் அங்கில்லை. பழுதானால் செய்தவரிடமே கொண்டுசெல்வர். பேரரசின் கணக்கில் இது போலி. கைவினையின் கணக்கிலோ இது ஐரோப்பாவில் பிளாங்க் காலத்துக்கு முன் எல்லா நாடுகளிலும் வழங்கிய பழைய முறையின் கடைசிப் பட்டறைகளுள் ஒன்று.

இச்சாப்பூர் இரண்டாம் உலகப் போரின்போதும் நான்காம் எண் துப்பாக்கிக்கு மாறவில்லை; ஆஸ்திரேலியாவின் லித்கோவும் மாறவில்லை. இயங்கிக்கொண்டிருக்கும் எந்திரவரிசையை நிறுத்தி அளவிகளை மாற்றுவதற்குப் போர் இடந்தரவில்லை. இதனால் விளைந்த நன்மை ஒன்றுண்டு: இந்தியாவிலிருந்த உதிரி உறுப்புகள் யாவும் பயனுடையனவாகவே நீடித்தன.

உறுப்புகளுள் மரமே பெருந்தொல்லை தந்தது. சுடும்போது எழும் பின்னுந்தல் முன்கட்டையின் பின்கோடியில் உள்ள இரு சிறிய தாங்குமுகங்களின் வழியே பரவுகிறது. புதிய முன்கட்டையைப் பொருத்துவோர் அவ்விரு முகங்களும் உலோகத்தோடு சமமாக ஒட்டுமாறு சீவவேண்டும். குழல் செல்லும் பள்ளத்திலோ மரம் குழலைத் தொடாதிருக்க வேண்டிய இடங்களும், கீழிருந்து மெல்ல உந்தவேண்டிய இடமும் உண்டு. தச்சனின் கண்ணும் கொல்லனின் கண்ணும் ஒருவரிடத்தே வேண்டப்பட்ட பணி இது. மழைக்காலத்து ஈரமும் கோடைக் காய்ச்சலும் மாறிமாறித் தாக்கும் நாட்டில், சீவிய பொருத்தம் நெடுநாள் நிலைப்பதில்லை. முகங்கள் நசுங்க, மரம் பிளந்தது. வாதுமை மரத்திற்கு மாறாக மென்மரத்தைப் பயன்படுத்திய லித்கோ, தாங்குமுகங்களில் செப்புத் தகடுகளைப் பதித்தது. இச்சாப்பூர் முன்கட்டையின் குறுக்கே ஒரு திருகாணியைச் செலுத்தி மரத்தை இறுக்கியது. துப்பாக்கி சேகரிப்போர் இதனை இன்றும் இச்சாப்பூர்த் திருகாணி என்றே அழைக்கின்றனர். என்ஃபீல்டின் முத்திரையிட்ட மாதிரியில் இல்லாத இத்திருகாணி, பழுதுபார்ப்பு அனுபவத்திலிருந்து எழுந்து தயாரிப்பு வரைபடத்திற்குள் நுழைந்த உறுப்பு என்பது குறிப்பிடத்தக்கது.

படைப்பிரிவுகளில் இப்பணியைச் செய்தோர் பெயர்கள் வரலாற்றில் இல்லை. ஆர்மரர் என்றும் மிஸ்திரி என்றும் வழங்கப்பட்ட இவர்கள் 1943இல் உருவான இந்திய மின், எந்திரப் பொறியியற் படைப்பிரிவின் பொறுப்பில் வந்தனர். இவர்கள் விட்டுச்சென்ற ஆவணம் எஃகிலேயே உள்ளது. போல்ட் கைப்பிடியில் பழைய எண்ணின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, அதனருகே புதிய எண் பொறிக்கப்பட்டிருந்தால், இறந்துபோன ஒரு துப்பாக்கியின் போல்ட் மற்றொன்றில் முறைப்படி அளந்து பொருத்தப்பட்டது எனப் படிக்கலாம். எண்கள் மாறுபட்டும் கோடு இல்லாதிருப்பின், படைக்கலக் கொட்டிலில் துப்புரவு செய்தபோது போல்ட்டுகள் இடம்மாறின என்னும் ஐயத்திற்கு இடமுண்டு. பணிமனையில் முழுமையாகப் புதுக்கப்பட்டவற்றில் புதுக்கிய ஆண்டும் பொறிக்கப்பட்டது. ஒரு துப்பாக்கியில் பேரரசரின் முடிச்சின்னமும், குடியரசுக்குப் பிந்தைய அசோகச் சிங்கமும் வெவ்வேறு உறுப்புகளில் அருகருகே காணப்படுவதும் உண்டு.

உறுப்பை மாற்றிப் பொருத்துதல் எப்போதும் பழுது நீக்கவே செய்யப்படவில்லை என்பதையும் இங்குக் கூறவேண்டும். காவலர்க்கும் சிறைக் காப்பாளர்க்குமெனச் சில துப்பாக்கிகளின் குழல்கள் வரிப்பள்ளமற்ற .410 குழல்களாக மாற்றப்பட்டன. தோட்டாப்பெட்டி இருந்த இடம் மரக்கட்டையால் அடைக்கப்பட்டது. பத்துத் தோட்டாக்கள் கொள்ளும் கருவி ஒரு தோட்டாக் கருவியாயிற்று. கருவி பறிபோனாலும் படையின் தோட்டாவை அதிலிட்டுச் சுட இயலாது. ஆட்சியாளரின் அவநம்பிக்கை இங்கே ஒரு மரத்துண்டின் வடிவம் பெற்றது.

விளிம்பில்லாத் தோட்டா

1962 அக்டோபர், நவம்பர் திங்கள்களில் நடந்த இந்திய-சீனப் போரில் இந்தியக் காலாட்படை பெரும்பாலும் .303 துப்பாக்கியோடு நின்றது. அதன்பின் 7.62 மில்லிமீட்டர் தோட்டா ஏற்கப்பட்டு, தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகள் இச்சாப்பூரில் செய்யப்பட்டன. அவை போதிய அளவில் வருமுன் இடைக்கால ஏற்பாடாகப் பழைய மார்க் 3 வடிவிலேயே 7.62 தோட்டாவிற்கு உரிய 2ஏ வகையும், பின்னர்ப் பின்குறியை 800 மீட்டர் வரை குறைத்த 2ஏ1 வகையும் தோன்றின. 1970களின் நடுப்பகுதி வரை இவை செய்யப்பட்டன.

தோற்றத்தில் இரட்டையர் போன்ற பழைய துப்பாக்கிக்கும் இதற்கும் இடையேதான் மாற்றுறுப்புக் கொள்கையின் மிகக் கடுமையான தடை அமைந்தது. புதிய தோட்டாவிற்கு விளிம்பில்லை; அது கூட்டின் தோளால் குழலறையில் தங்குகிறது. எனவே 0.064, 0.074 என்னும் பழைய அளவிகள் இங்குப் பொருளிழந்தன. அழுத்தமும் மிகுதி, அதனைத் தாங்க உறுதி கூடிய எஃகு பயன்படுத்தப்பட்டது. தோட்டாப்பெட்டி கட்டமான வடிவம் பெற்றது. கட்டை, பின்தகடு, சில திருகாணிகள் ஆகியன இரண்டிற்கும் பொதுவாயிருக்க, போல்ட் மட்டும் பொதுவன்று. கைக்குள் நுழையும் உறுப்பு எல்லாம் பொருந்திய உறுப்பு ஆகாது என்பதைப் பழைய கொட்டில்களில் பணியாற்றியோர் இரு தலைமுறைகளாக நினைவில் வைத்திருக்க வேண்டியதாயிற்று.

படையிலிருந்து விலக்கப்பட்ட .303 துப்பாக்கிகள் மாநிலக் காவல்துறைகளிடம் சென்றன. புதிய உறுப்புகள் அரிதானபோது, ஒன்றைப் பிரித்து மற்றொன்றை வாழவைத்தலே வழக்கமாயிற்று. 2008 நவம்பர் 26 அன்று மும்பை சத்திரபதி சிவாஜி முனையத்தில் தானியங்கித் துப்பாக்கிகளை எதிர்கொண்ட காவலர்களிடம் இத்துப்பாக்கிகள் இருந்தன. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 ஜனவரி 26 அன்று குடியரசு நாள் அணிவகுப்போடு .303க்கு விடைகொடுத்தது. அடுத்த ஆண்டு, 2021 அக்டோபரில், படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, இச்சாப்பூர்த் துப்பாக்கித் தொழிற்சாலை கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்தின்கீழ் வந்தது. அணிவகுப்பில் தோளில் ஏந்தப்பட்ட துப்பாக்கிகள், நூற்றாண்டுக்கு முன் மேற்கொள்ளப்பட்ட வழக்கப்படி, கைப்பிடியில் எண் பொறித்த போல்ட்டுகளோடுதான் சென்றன.